திகதி தெரியாத துடக்கு

பங்காளி ஒருவர் இறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. செய்தி அந்த நாட்களுக்குள் வந்து சேர்ந்தால் மிச்ச நாட்களைக் காத்தால் போதும். முப்பத்தொன்று கழிந்த பிறகு வந்து சேர்ந்தால், கேட்டவுடன் தலையில் தண்ணீர் வார்த்துக் குளித்தால் தீர்ந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் இது. தமிழ்நாட்டார் தீட்டு என்பதை நாங்கள் துடக்கு என்போம். கோயிலுக்குப் போகக் கூடாது, கொண்டாட்டத்துக்குப் போகக் கூடாது, ஆண்கள் சவரம் செய்யக் கூடாது, வீட்டில் பாட்டுக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் இரு பக்கமும் ஒன்றுதான். லண்டனில் ஒரு கவுன்சிலின் உரிமங்கள் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இது நன்றாக வகுக்கப்பட்ட விதி. தபால் தாமதத்தைக்கூட யோசித்திருக்கிறார்கள். ஒரு குறைதான். இறந்த திகதியே தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு உபவிதி இல்லை.

1991 ஜனவரியில் எங்களுக்கு அந்த உபவிதி தேவைப்பட்டது.

என் மகள் அப்போது ஐஸ் நடனப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தாள். இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் முதல் கேள்வி, "பரதநாட்டியத்தையோ ஐஸிலை ஆடுறவ?" இல்லை என்று விளக்கி, இது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சோடியாக ஆடுவது என்று சொன்னதும் இரண்டாவது கேள்வி, "அப்ப அந்தப் பொடியன் ஆர்?" மூன்றாவது கேள்வியை என்னிடம் கேட்க மாட்டார்கள். வீட்டுக்குப் போய்த் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள்.

எட்டு வயதில் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு அவளை ஓர் ஐஸ் ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தென் லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற தூரம். மற்றப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இவள் கம்பியை விட்டாள், விழுந்தாள், எழும்பினாள், கேக் வெட்டும்போதுகூட வெளியே வரவில்லை. அவளுடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அதுதான் என் பதவி.

பதினாலு வயதில் சோடி சேர்த்தார்கள். பயிற்சியாளர், முன்பு தானே பெரிய போட்டிகளில் ஆடிய ஓர் ஆங்கிலேயப் பெண், இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பார்த்தார், முழங்கால் மடிப்பதைப் பார்த்தார், சரி என்றார். சாதகப் பொருத்தத்தைவிடச் சுருக்கமான நடைமுறை. பையன் குரோய்டனில் ஒரு குழாய் வேலைக்காரரின் மகன். பேசவே மாட்டான். முதல் நாள் பயிற்சி பார்க்க வந்த மனைவி என் முழங்கையை இடித்தாள்.

"இஞ்சேருங்கோ, அவன் ஏன் பிள்ளையின்ரை இடுப்பிலை கை வைக்கிறான்?"

"விதியிலை அப்பிடித்தான் இருக்கு. கையை எடுத்தால் புள்ளி குறையும்."

"நல்ல விதி!" என்று சொல்லிவிட்டு அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பயிற்சிக்கு வரவில்லை.

நான் சொன்னது உண்மை. விதிப்புத்தகத்தை வாங்கி முழுவதும் வாசித்திருந்தேன். ஆண் பெண்ணைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. சோடி சில விநாடிகளுக்கு மேல் ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்தது கட்டாய நடனங்கள். எல்லாச் சோடிகளும் ஒரே இசைக்கு, ஒரே அடிகளை, தாளில் வரைந்து கொடுத்த ஒரே கோட்டில் ஆட வேண்டும். எந்த அடி ஸ்கேட்ஸ் கத்தியின் உள் ஓரத்தில், எது வெளி ஓரத்தில் என்பதுவரை வரைபடத்தில் இருக்கும். பார்வையாளர்களுக்கு இது தாங்காது. அதே வோல்ட்ஸ் நடனம் மூன்றாம் தடவை தொடங்கும்போது மற்றப் பெற்றோர் கோப்பி குடிக்க எழும்பிப் போய்விடுவார்கள். காலியான ஆசனங்களுக்கு நடுவில் நான் மட்டும் மடியில் வரைபடத்தோடு இருப்பேன். தளத்தில் என் மகள், அந்தப் பையன், கரையில் நடுவர்கள். இத்தனை பேர் ஒரே தாளைப் பற்றி ஒரே நேரத்தில் யோசிக்கும் இடம் அலுவலகத்தில்கூட எனக்கு வாய்த்ததில்லை. வீட்டுக்கு வந்து அதைச் சொல்ல ஆள் இல்லை. மகளுக்குக் கால் வலிக்கும், தூங்கிவிடுவாள்.

ஒருவருக்கு மட்டும் எழுதுவேன். ஊரில் இருந்த என் அண்ணனுக்கு. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். வரைபடம் ஒன்றைப் பிரதி எடுத்து அனுப்பினால், அது எந்த வகை வளைவு என்று பதில் எழுதுவார். ஒருமுறை மகள் போட்டிச் சட்டையோடு நிற்கும் படத்தை அனுப்பினேன். அவருடைய பதிலில் வளைவு இல்லை. "பிள்ளைக்குக் குளிராதோ? கையில்லாத சட்டையோடை பனிக்கு மேலை விட்டிருக்கிறாய்" என்று மட்டும் இருந்தது. ஆடும்போது குளிராது, நின்றால்தான் குளிரும் என்று பதில் எழுதி வைத்தேன். அந்த மாதம் ஊரில் சண்டை மறுபடி தொடங்கியது. தபால் நின்றது. எழுதியது என் மேசையில் கிடந்தது.

அந்த வருடம் டிசம்பரில் மகளும் அந்தப் பையனும் நாட்டுப் போட்டியில் நான்காவதாக வந்தார்கள். புடாபெஸ்டில் பிப்ரவரியில் நடக்கும் ஒரு சர்வதேசப் போட்டிக்கு அவர்களை அனுப்புவதாக அறிவித்தார்கள். முதல் சர்வதேசப் போட்டி. நாட்டின் பெயரை முதுகில் எழுதிய மேற்சட்டை கொடுத்தார்கள். அதை மகள் வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு திரிந்தாள். இவர்கள் விலகினால் ஐந்தாவதாக வந்த சோடி போகும். அவர்களுடைய பெற்றோர் எங்களிடம் மிகுந்த கரிசனையோடு உடல்நலம் விசாரித்தார்கள். நான் விடுமுறை எடுத்தேன், பயணச்சீட்டு எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டொரொண்டோவிலிருந்து என் சித்தப்பாவின் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அண்ணை, இருந்துகொண்டு கேளுங்கோ. பெரியண்ணை மோசம் போட்டாராம்."

நான் நாற்காலியில் இருந்துகொண்டுதான் பேசினேன். "எப்ப?"

"அதுதான் வடிவாத் தெரியேல்லை. ஊரிலையிருந்து வவுனியாவுக்கு வந்த ஒரு பொடியன் கொழும்பிலை எங்கடை மச்சானுக்குச் சொல்லியிருக்கிறான். மச்சான் எனக்குக் கடிதம் போட்டவர். குண்டு கிண்டு இல்லை, அண்ணை. நெஞ்சு நோவாம்."

"கடிதத்திலை திகதி?"

"கடிதத்துக்குத் திகதி இருக்கு. சாவுக்கு இல்லை."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதாள். மகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, அந்த மேற்சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, என் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு என் அண்ணனைப் படத்தில்தான் தெரியும். பிறகு மனைவி சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். அப்போதுதான் மூவருக்கும் புரிந்தது. இன்றையிலிருந்து எண்ணினால் போட்டி முப்பத்தொன்றுக்குள் விழுகிறது.

"அப்பா, நான் போகாம விடலாம்," என்றாள் மகள். "ரியலி. ஆனா அவனுக்கு இண்டைக்கே சொல்ல வேணும். ஐ கான்ட் லெட் ஹிம் வெயிட். அவனுக்கும் இது ஃபர்ஸ்ட் டைம்."

அவள் அவனைக் கூப்பிட்டுச் சொன்னாள். கால் மணித்தியாலத்தில் அவன் திரும்பக் கூப்பிட்டான். என்னோடு பேச வேண்டுமாம். ஐந்து வருடத்தில் முதல் தடவை. தான் ஏதாவது செய்ய வேண்டுமா, கறுப்புப் பட்டி கட்ட வேண்டுமா, மாமிசம் சாப்பிடலாமா என்று கேட்டான். பங்காளி அல்லாதவருக்குத் துடக்கில்லை என்று அவனுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். நன்றி சொன்னான். ஆனாலும் சாப்பிடவில்லை என்று பிறகு மகள் சொன்னாள்.

திங்கட்கிழமை கோயில் ஐயருக்குப் போன் செய்தேன்.

"ஐயா, செத்த திகதி தெரியாது. முப்பத்தொண்டு தாண்டியிருக்கும் எண்டு என்ரை கணிப்பு."

"கணிப்போ? நீங்கள் என்ன, ரீவியிலை வானிலை வாசிக்கிறியளோ?" என்று சிரித்தார். "லண்டனிலை ஆர் முப்பத்தொண்டு காக்கினம்? எல்லாரும் வேலைக்குப் போற சனம். கஷ்டமெண்டால் பதினாறிலை முடிச்சு விடுறன், வாங்கோ."

பதினாறில் முடித்தாலும் போட்டிக்கு முன் முடியும். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. "ஐயா, நான் சலுகை கேக்கேல்லை. விதியைக் கேக்கிறன்."

"விதி எண்டால் திகதியைக் கொண்டு வாங்கோ."

அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. கவுன்ரரில் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

திகதியைத் தெரிந்த ஒருவர் உலகத்தில் இருந்தார். அண்ணி. நிவாரண அமைப்பு ஒன்று குடும்பச் செய்திகளைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது. சுருக்கமாக எழுத வேண்டும், உறையை ஒட்டக் கூடாது. முதல் வரியில் துக்கம் எழுதினேன். இரண்டாவது வரியில் திகதியும் திதியும் கேட்டேன். மூன்றாவது வரிக்கு இடமிருந்தது. எழுத ஒன்றும் வரவில்லை.

பதில் போட்டிக்கு முன் வராது என்பது எனக்குத் தெரியும். ஆகவே அன்று பின்னேரம் சமையலறையில் மனைவிக்கு முன்னால் வழக்கை எடுத்து வைத்தேன். ஊரிலிருந்து வவுனியாவுக்கு வருகிறவனுக்கு அனுமதி கிடைக்க இவ்வளவு நாள். அங்கிருந்து கொழும்பு. மச்சான் எழுதுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம், அவரை எனக்குத் தெரியும். அங்கிருந்து கனடாவுக்குத் தபால். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்று மதிப்பிடுவது என் தொழில். எல்லாவற்றையும் கூட்டினால் முப்பத்தொன்றைத் தாண்டித்தான் போகும்.

"திகதி தெரியாட்டில் கேட்ட நாளிலையிருந்து எண்ணுறதுதான் முறை," என்றாள் மனைவி.

"நீர் சொல்லுற முறை எங்கை எழுதியிருக்கு?"

"எல்லாம் எழுதியோ வைச்சிருக்கு?" அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "அவர் உங்கடை கூடப்பிறந்தவர். கோப்பில்லை."

கடைசி வெங்காயத்தையும் உரித்துவிட்டு அவளே சொன்னாள். "சரி. பிள்ளை போகட்டும். எத்தினை வருசமாய் இருட்டோடை எழும்பிப் போனவள். தலைக்கு வார்த்திட்டுப் போகட்டும். ஆனால் ஒண்டு கேக்கிறன். நீங்கள் சொன்னதை நீங்களே நம்பிறியளோ?"

மூவரும் தலைக்குக் குளித்தோம். மகள் ஈரத் தலையோடு பயிற்சிக்கு ஓடினாள். மறுநாள் காலை வேலைக்குப் போகச் சவரம் செய்ய ரேசரை எடுத்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். ரேசரைத் திரும்ப வைத்துவிட்டேன்.

அதற்குக் காரணம் கேட்டால் விதி எதையும் காட்ட முடியாது. என் வாதத்தில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் அந்த வாதத்தின்படி அண்ணனுக்காக உலகத்தின் இந்தப் பக்கத்தில் ஒருவரும் ஒரு நாள்கூடத் துக்கம் காக்கத் தேவையில்லை என்று வந்தது. அந்த இடம் காலியாகக் கிடக்கக் கூடாது என்று பட்டது. நிரப்புவதற்கு வேறு விண்ணப்பதாரர் இல்லை. என் பயணச்சீட்டை ரத்துச் செய்து மனைவிக்கு ஒன்று எடுத்தேன். "இதென்ன கூத்து?" என்றாள் அவள். வேறொன்றும் கேட்கவில்லை. தன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவர்கள் போன மறுநாள் லண்டனில் பனி கொட்டியது. ரயில்கள் நின்றன, கவுன்சில் பாதி மூடியது. எங்கள் மிச்சம் பகுதியில் தெருவெல்லாம் ஐஸ். மரக்கறி வாங்கத் தமிழ்க் கடைக்குப் போனேன். மதிலைப் பிடித்துப் பிடித்து, பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் மாதிரி. கடைக்காரர் என் தாடியைப் பார்த்தார்.

"என்ன அண்ணை, சாமியாராப் போறியளோ?"

"அண்ணை மோசம் போட்டார். ஊரிலை."

அவருடைய முகம் மாறியது. கல்லாவிலிருந்து எழும்பி வந்து கையைப் பிடித்தார். பிறகு கேட்டார், "அக்காவும் பிள்ளையும் வீட்டிலையோ?"

"ஹங்கேரியிலை. பிள்ளைக்குப் போட்டி."

"துடக்கோடையோ?"

நான் விதியை எடுத்துச் சொன்னேன். முப்பத்தொன்றுக்குப் பிறகு கேள்விப்பட்டால் குளிப்பு மட்டும் என்று. அவர் பொறுமையாகக் கேட்டார். கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னார்.

"அப்பிடியெண்டால் நீங்களும் தாடியை வழிச்சிருக்க வேணுமே. ஒரு வீட்டிலை ரெண்டு சட்டமோ, அண்ணை?"

உரிமங்கள் பகுதியில் இருந்த காலம் முழுவதும் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வந்தேன்.

கட்டாய நடனம் வெள்ளிக்கிழமை. அதற்குரிய இசைநாடா வீட்டில் இருந்தது. ஆனால் நான் துடக்குக் காக்கிறவன், பாட்டுப் போடக் கூடாது. ஆகவே நேர வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்து, அவள் தளத்துக்கு வரும் நேரத்தில் மேசையில் வரைபடத்தை விரித்தேன். விரலை வைத்து அந்தக் கோட்டிலேயே போனேன். இடது வெளி ஓரம், வலது உள் ஓரம், திரும்பல், நீண்ட வளைவு. இசையில்லாமல் எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்று தெரியவில்லை. விரல் முடித்தபோது அவள் ஆடிக்கொண்டிருந்தாளோ, ஆடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாளோ. சன்னலுக்கு வெளியே அசைவில்லை. அண்ணனிடமிருந்து வந்த கடிதங்கள் அதே மேசையின் லாச்சியில் இருந்தன. நீண்ட வளைவுக்கு அவர் ஒரு பெயர் சொல்லியிருந்தார். எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பார்க்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மனைவி ஹோட்டலிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அஞ்சாமிடம்! எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டினவை. எனக்குப் பக்கத்திலை ஒரு மனிசி அழுதவ, ஆரெண்டே தெரியாது."

"வோல்ட்ஸ் எப்பிடி?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பிள்ளை வடிவாய் ஆடினவள். நீங்கள் சாப்பிட்டனீங்களே?"

"ஓம்."

"கத்தரிக்காயோ?"

"ஓம்."

அதற்குப் பிறகு மகள் வந்தாள். "அப்பா, திரும்பல் சரி. நீங்கள் பாத்திருந்தா ஹாப்பியா இருந்திருப்பீங்கள்," என்றாள். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

பையனின் தாய் வீடியோக் கமராவில் படம் எடுத்து எங்களுக்கும் ஒரு பிரதி தந்திருந்தார். துடக்கு முடிந்து சவரம் செய்த பின்னேரம் அந்தப் பிரதியை வீட்டில் போட்டுப் பார்த்தேன். கமரா தன் மகனைவிட்டு அங்கே இங்கே அசையவில்லை. தாய்மார்களுக்கு அது விதி. ஆனால் சோடி பிரியக் கூடாது என்ற மற்ற விதி என்னைக் காப்பாற்றியது. அவன் எங்கே போனாலும் என் மகளின் ஒரு தோள், ஒரு கை, பறக்கிற பாவாடையின் ஓரம் கூடவே வந்தன. திரும்பலின்போது முழு முகமும் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பயிற்சியில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த அளவில் அவர்கள் அவ்வளவு நன்றாக ஆடியது அந்த ஒரு முறைதான்.

அதற்குப் பிறகு வந்த குளிர்காலங்களில் இன்னும் இரண்டு சர்வதேசப் போட்டிகள் கிடைத்தன. இரண்டுக்கும் போனேன். ஒன்றில் கடைசிக்கு முந்திய இடம், மற்றதில் கடைசி இடம். இரண்டிலும் ஆசனத்தில் வரைபடத்தோடு நான் இருந்தேன். 1993இல் பையனுக்கு முழங்கால் போய்விட்டது. பயிற்சியாளர் வேறு சோடி தேடித் தருவதாகச் சொன்னார். இரண்டு பையன்களை நிறுத்தி உயரமும் பார்த்தார்கள். மகள் வேண்டாம் என்றாள். ஸ்கேட்ஸை ஒரு பையில் போட்டு மாடியில் வைத்தாள். கிழக்கு லண்டனில் செவன் கிங்ஸ் பக்கம் வேலை கிடைத்து அங்கே குடிபோனாள். இப்போது சனிக்கிழமைகளில் ஐஸ் ரிங்கில் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தகப்பன்மாரைப் பார்த்தால் என்னை நினைத்துச் சிரிப்பு வரும் என்று சொல்வாள்.

அண்ணியின் பதில் அதற்கும் பிறகுதான் வந்தது. என் செய்தி ஊருக்குப் போனபோது அவர் அங்கே இல்லை, இடம்பெயர்ந்திருந்தார். அது கிராம அலுவலரிடம் கிடந்திருக்கிறது. அவர் மாற்றலாகிப் போகும்போது அடுத்தவரிடம் ஒப்படைத்திருக்கிறார். அந்த அடுத்தவரும் இடம்பெயர்ந்திருக்கிறார், காகிதங்களையும் தூக்கிக்கொண்டு. குண்டுகளுக்கு நடுவில் இரண்டு பேர் ஒட்டாத ஓர் உறையைக் கை மாற்றி, கடைசியில் உரியவரைக் கண்டுபிடித்து, கையொப்பம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். என் வாழ்க்கையில் இதைவிடச் சிறந்த நிருவாகத்தைப் பார்த்ததில்லை. கொழும்புக்கு வந்த ஒருவரிடம் அண்ணி பதிலைக் கொடுத்துவிட்டிருந்தார்.

கேட்டதற்கு மட்டும் பதில். திகதி, திதி, நேரம். டொரொண்டோவிலிருந்து போன் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து மாதத்துக்கு முன்பே அண்ணன் இறந்திருந்தார்.

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவள் விளக்கு வைக்கப் போனாள். மகளுக்குப் போன் செய்தேன்.

"அப்ப நீங்கள் சொன்னது சரிதானே, அப்பா," என்றாள்.

"ஓம்."

"தென் நீங்களும் வந்திருக்கலாம்."

"திகதி தெரியாது தானே."

"சாப்பிட்டீங்களா?" என்றாள் அவள், தாயைப் போலவே.

விதிப்படி இனிக் குளிப்பு மட்டும்தான். அன்று காலை ஏற்கெனவே குளித்திருந்தேன். அது செய்தி வருவதற்கு முன் குளித்த குளிப்பு, கணக்கில் வராது. மறுபடியும் தலைக்கு வார்த்தேன். துவாயோடு மேசைக்கு வந்து, அண்ணனுக்கு அனுப்பாமல் கிடந்த, குளிராது என்று எழுதிய தாளை எடுத்து, அண்ணியின் கடிதத்தோடு சேர்த்து ஊசி குத்தினேன். மேல் மூலையில், கவுன்சிலில் வரும் ஒவ்வொரு தாளுக்கும் செய்வதுபோல, கிடைத்த நாளை எழுதினேன்: 1994 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை.